லாத்தா பார்த்த தலைகள்

திரையில் ஒரு புதுத் தலை திறந்ததும் லாத்தா முதலில் செய்வது, நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொள்வது. மவுஸில் கை வைக்கமாட்டார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்ப்பதுபோல அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "ம், வாங்க" என்பார். படத்தில் இருக்கிறவருக்குத்தான் அந்த வரவேற்பு. படத்தோடு பெயர் வராது, ஊர் வராது, வயதுகூட வராது. ஓர் எண் மட்டும் வரும். அந்த எண்ணிடம் அவர் மரியாதை குறையாமல் பேசுவார்.

"என்னங்க, உங்களுக்கு இந்தக் கிளை இவ்வளவு கீழயா பிரியுது? சரி, இருக்கட்டும்."

காரைக்காலில், மாதா கோவில் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்தது எங்கள் அறை. நான்கு கணினிகள், ஒரு ஏ.சி., எப்போதும் பாதி திறந்தே நிற்கும் ஒரு ஜன்னல். அங்கே நான் மூன்று வருடமும் இரண்டு மாதமும் லாத்தாவுக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தேன். அவருக்கு என்னைவிட ஐந்து வயது கூடுதல். லாத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. அறையில் எல்லோரும், போலகத்திலிருந்து வரும் செல்வம்கூட, அப்படியே கூப்பிட்டோம்.

வேலை இதுதான். பெங்களூரில் ஒரு கம்பெனி மூளை ரத்தக்குழாய்களுக்கு ஒரு வரைபடம் தயார் செய்துகொண்டிருந்தது. மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேன் படங்களை எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் எலும்பையும் மூளையையும் மங்கவைத்துவிட்டால் ரத்தக்குழாய்கள் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதன்மேல் உடற்கூறு அட்லஸைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். அட்லஸ் என்பது ஒரே ஒரு மாதிரித் தலை. எந்தக் குழாய் எங்கே பிரியும், அதற்கு என்ன பெயர் என்று அதில் வண்ணம் வண்ணமாகக் குறித்திருக்கும். வந்திருக்கும் தலையில் குழாய்கள் பிரிகிற இடங்களில் நாங்கள் புள்ளி வைப்போம். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு அட்லஸ் நீண்டும் சுருங்கியும் அந்தத் தலைக்குள் போய் உட்காரும். உட்கார்ந்தபின், ஒவ்வொரு குழாயின் பெயருக்கு எதிரிலும் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். இரண்டே கட்டங்கள்: 'உண்டு', 'பிறவியில் இல்லை'. எங்களுக்கு வந்தவை எல்லாம் நோயில்லாதவர்களின் தலைகள். தலைவலி, கிறுகிறுப்பு என்று போய் ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதியபின் கம்பெனிக்கு வந்தவை. ஆகவே இரண்டு கட்டங்களே போதுமாக இருந்தன.

அட்லஸைத் தானாகப் பொருத்தவும் மென்பொருளில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் அரை நிமிடத்தில் முடித்துவிடும். அட்லஸில் இருக்கும் ஒரு குழாய் அந்தத் தலையில் இல்லாவிட்டால், அந்தப் பொத்தான் பக்கத்துக் குழாயை இழுத்து அதன்மேல் பெயரை ஒட்டிவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். லாத்தாவுக்கு அந்தப் பொத்தானைக் கண்டாலே ஆகாது. நான் சேர்ந்த முதல் நாள் அதை அழுத்தப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புத்தகத்த இழு புள்ள. தலைய இழுக்காத. புத்தகம் ஒருத்தன் தலை. வந்திருக்கிறவங்க வேற ஆளு. ஒருத்தன் சட்டைய ஊருக்கெல்லாம் மாட்டிவுட முடியுமா?"

அவர் உடற்கூறியலில் எம்.எஸ்சி. ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பதினாறு வருடம் டியூட்டராக இருந்தவர். மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள் சொல்லிக்கொடுக்கும் இடங்களைக் குறைத்தபோது அவர் இடமும் போனது. அந்தப் பதினாறு வருடத்தில் மேசைமேல் திறந்து பார்த்த தலைகளில் ஒன்றுகூடப் புத்தகத்தில் உள்ளபடி இருந்ததில்லை என்பார். மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் சேர்ந்து ஒரு வளையம் போடும். அந்த வளையம் ஒருவருக்கு முன்னால் விட்டுப்போயிருக்கும், ஒருவருக்குப் பின்னால். ஒருவருக்கு நூல்போல இருப்பது இன்னொருவருக்குக் கயிறுபோல இருக்கும். மாணவர்கள், "மேடம், இதுல ஏதோ கோளாறு" என்றால் அவருக்குக் கோபம் வருமாம். "கோளாறுன்னு சொல்லாதீங்க. எழுபது வயசு வரைக்கும் இந்தத் தலைய வச்சுத்தான் இவரு கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, வியாபாரம் பாத்திருக்காரு. இது அவரு அமைப்பு."

அமைப்பு. இந்தச் சொல்லை அவர் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறார் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். சராசரி பதினான்கு. தலைகளுக்கு மட்டும் இல்லை. துபாயிலிருந்து திரும்பிவந்த அவர் வீட்டுக்காரர் யாரோடும் பேசாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பது அவர் அமைப்பு. மகள் கல்யாணம் வேண்டாம் என்று சென்னையில் இருப்பது அவள் அமைப்பு. கோட்டுச்சேரி பஸ் எட்டே முக்காலுக்கு வரவேண்டியது ஒன்பதே காலுக்கு வருவது அதன் அமைப்பு.

செல்வம் இதை வைத்துக் கேலி செய்துகொண்டே இருப்பான்.

"லாத்தா, நான் நேத்து லீவு போட்டது என் அமைப்பு. கம்பெனிகிட்ட அப்படியே எழுதிருங்க."

"உன் அமைப்புல மூளைக்குப் போற குழாயே இல்லடா. அதையும் சேத்து எழுதிர்றேன்."

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே தலையைக் குறிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. மற்ற ஊர்களில் இதை எப்படி நடத்தினார்கள் என்று தெரியாது. எங்கள் அறையில் லாத்தா ஒரு மிக்சி அட்டைப் பெட்டியைப் பிரித்து, தன் திரைக்கும் என் திரைக்கும் நடுவில் நிறுத்திவைத்தார். தண்ணீர் பாட்டிலை அதன் மேலாகத்தான் நீட்டுவார். இருவர் குறித்ததும் வேறாக இருந்தால் அவர் கவலைப்படமாட்டார். இரண்டும் அச்சாக ஒத்துப்போனால்தான் சந்தேகப்படுவார். "ரெண்டு பேரும் சேந்து தப்பு பண்ணிட்டமான்னு பாரு" என்று மறுபடி திறக்கச் சொல்வார். பலநாள் அதனால் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது.

இரண்டாம் வருடம், ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெங்களூரிலிருந்து போன் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பையன், குரலில் இருபத்தாறு இருபத்தேழு வயது. மற்ற ஊர்களைவிடக் காரைக்கால் அறையிலிருந்துதான் 'பிறவியில் இல்லை' டிக் அதிகம் வருகிறதாம். கவனக் குறைவாக இருக்குமோ என்று மேலே கேட்கிறார்களாம்.

"தம்பி, கவனம் குறைஞ்சவங்களுக்கு எல்லாம் இருக்கிற மாதிரிதான் தெரியும்," என்றார் லாத்தா.

"மேடம், நான் அப்படிச் சொல்லல..."

"பதினோரு நம்பர் அனுப்புறேன். நீங்களே ஒரு டாக்டர வச்சுப் பாருங்க. பொத்தான அழுத்தாமப் பாருங்க."

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பதினொன்றும் லாத்தா சொன்னபடியே. மற்ற ஊர்களில்தான் பொத்தானை நம்பி, இல்லாத குழாய்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் முடித்த தலைகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி கம்பெனி உத்தரவு போட்டது. செல்வம் கீழே போய் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிவந்தான். லாத்தா குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த தலையைத் திறந்து, "ம், வாங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு அவர் ஒன்று இல்லை என்றால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதே வருடக் கடைசியில் இன்னொன்று நடந்தது. அப்போது அதை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. லாத்தாவின் உம்மா இரண்டு வருடமாகவே சோர்ந்து, பேச்சு மெதுவாகி, எதையும் மறந்துபோய்க்கொண்டிருந்தார். கேட்டபோதெல்லாம், "உம்மா அமைப்பே அப்படித்தான், சின்னப் புள்ளையிலேருந்து மந்தம்" என்று லாத்தா சொல்லிவந்தார். மலேசியாவிலிருந்து வந்த தம்பி, வந்த மூன்றாம் நாளே உம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போனார். தைராய்டு. தினம் ஒரு மாத்திரை. மூன்று மாதத்தில் அந்த அம்மாள் மார்க்கெட்டுக்கு வந்து மீனுக்கு விலை பேசியதை நானே பார்த்தேன். லாத்தாவிடம் சொன்னபோது, சந்தோஷம்தான், சிரித்தார். "ரெண்டு வருஷம் அவங்கள நான் சும்மா உக்கார வச்சிருந்திருக்கேன் புள்ள" என்றார்.

என் வீட்டுக்காரர் போட்டு இஞ்சின் மெக்கானிக். எங்கள் வீடு கருக்களாச்சேரியில். மீன்பிடித் துறைமுகம் நடந்துபோகிற தூரம். கோடையில் போட்டுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம்தான் அவருக்கு வேலைக்காலம். தடை முடிய நாலைந்து நாள் இருக்கும்போது அவரைப் பிடிக்க முடியாது. எல்லா இஞ்சினும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பார்கள்.

அப்படியான ஒரு வியாழக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, அவர் வலது கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார்; விரல்கள் மடங்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, வந்ததெல்லாம் குழறல். காலையிலேயே தண்ணி போட்டுவிட்டார் என்று கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் கையும் வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் ஒரு மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இப்ப நல்லா இருக்காரு. ஆனா இன்னைக்கே தஞ்சாவூர் போயிடுங்க. ரிப்போர்ட் வெளியூர்லேருந்து நாளைக்குத்தான் வரும். அதுக்காகக் காத்திருக்காதீங்க. சிடிய கையில வச்சுக்குங்க."

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் இவர் ஆரம்பித்தார். "எனக்கு என்ன வந்திச்சு இப்ப? நல்லாத்தான் இருக்கேன். மூணு இஞ்சினப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன். வேற எவனும் மாட்டமாட்டான். தஞ்சாவூர் போனா நாலு நாளு படுக்க வச்சிருவானுவ."

"டாக்டர் சொல்லிட்டாருல்ல?"

"நீதான் தெனம் இதத்தான பாக்குற. நீயே பாத்துச் சொல்லு."

நான் குறிக்கிறவள்தான். எனக்கு என் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. லாத்தாவிடம் காட்டிவிடலாம் என்று சொன்னது நான். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

மூன்று ஐம்பதுக்கு மாடி ஏறினோம். செல்வம் டீக்குப் போயிருந்தான். இவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, லாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றுகொண்டேன். சிடியைப் போட்டார். தலை திறந்தது. வழக்கம்போல நாற்காலியைப் பின்னால் தள்ளினார், என்மேல் இடித்தது. திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தார்.

"மொத தடவையா ஆளையும் தலையையும் ஒண்ணாப் பாக்குறேன்."

ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். அட்லஸை இறக்கினார். எல்லாம் உட்கார்ந்தது, ஓர் இடத்தைத் தவிர. இடது பக்கம், நடு மூளைத் தமனி. அட்லஸில் அது இரண்டு தண்டாகப் பிரியும். இவருக்கு ஒரு தண்டு மட்டுமே தெரிந்தது. மேல்தண்டு இல்லை. அது கிளம்ப வேண்டிய இடத்தில் முளையோ மொட்டையோ எதுவும் இல்லாமல் குழாய் வழவழவென்று போனது. லாத்தா படத்தை மேலாகத் திருப்பினார், பக்கவாட்டில் திருப்பினார், கீழிருந்து பார்த்தார்.

"அடைப்பா லாத்தா?" என்றேன்.

"அடைச்சிருந்தா மொட்டையா ஒரு துண்டு நிக்கணும்ல? நிக்கல. மூளைப் பரப்புலயும் கிளையெல்லாம் வந்திருக்கு பாரு. அடைச்சிருந்தா அங்க வெறுமையாக் கெடக்கும்." விரலை அந்த இடத்தில் வைத்தார். "சிலருக்கு ரெண்டாப் பிரியும், சிலருக்கு மூணா. சிலருக்கு ஒண்ணாவே போவும். இவருக்கு ஒண்ணு. நீ என்ன சொல்ற?"

எங்களுக்கு நடுவில் அன்று அட்டை இல்லை. ஒரே திரை. அவர் விரல் இருந்த இடத்தைத்தான் நானும் பார்த்தேன். இடப்பக்கத்துக் கிளைகள் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தன. அது என் கண்ணில் பட்டது. மருந்து ஓடிய நேரத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது," என்றேன்.

இவர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து நின்றார். "அப்ப தஞ்சாவூர் போவணுமா, வேணாமாங்க?"

"நான் டாக்டர் இல்ல மாப்புள. டாக்டர் போகச் சொன்னா போறதுதான் மொறை," என்றார் லாத்தா. "ஆனா படத்துல பயப்பட ஒண்ணும் இல்ல. பொறந்தப்பவே ஒரு தண்டாத்தான் வந்திருக்கு. இது உங்க அமைப்பு. வேணும்னா நாளைக்கு ரிப்போர்ட்டையும் பாத்துட்டுப் போங்களேன்."

"அதான பாத்தேன். எனக்குப் பொறவியிலயே ஒரு பைப்பு கம்மி. அதனாலதான் இவ சொல்றது எதுவும் மண்டையில ஏறமாட்டேங்குது."

மூன்று பேரும் சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம். இவர் அங்கிருந்து நேராகத் துறைமுகத்துக்குப் போய் ஒரு இஞ்சினை மாட்டிவிட்டு ஏழரைக்கு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை ஆறே காலுக்குக் கொல்லையில் குழாயடியில் விழுந்து கிடந்தார். வலது கை, வாயின் வலது பக்கம் இரண்டும் போயிருந்தன. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் திருவாரூரைத் தாண்டிக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. இடது நடு மூளைத் தமனி, மேல்தண்டு, தொடக்கத்திலேயே முழு அடைப்பு. உடனடி மேல்சிகிச்சை தேவை.

தஞ்சாவூரில் ஒரு பெண் டாக்டர் படத்தை எனக்கு விளக்கினார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டபின் இன்னும் பொறுமையாகவே விளக்கினார்.

"பிரியுற எடத்துலயே வாயை ஒட்டி அடைச்சிக்கிட்டா மிச்சத் துண்டு எதுவும் நிக்காதும்மா. அப்படி ஒரு குழாயே இல்லாத மாதிரித்தான் இருக்கும். முன்பக்கத்துக் குழாயிலேருந்து ரத்தம் சுத்தி வந்து கிளைகள நிரப்பும். கொஞ்சம் மங்கலா இருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் அது தாங்கிச்சு. அப்புறம் தாங்கல. நேத்து சாயங்காலம் வந்திருந்தா அடைப்ப எடுக்கப் பாத்திருக்கலாம்."

அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. மூன்று வருடமாக நாங்கள் பார்த்த தலைகளில் அடைத்த குழாய் ஒன்றுகூட இல்லை. வரவே விடாமல் வடிகட்டி அனுப்பினார்கள். எங்கள் அறையில் ஒரு குழாய் இல்லை என்றால் அது பிறவியில் இல்லாததுதான். வேறு ஒன்றாக இருக்க வழியே இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்வதில் லாத்தா ஒருமுறைகூடத் தவறியதில்லை. அன்றைக்கும் தவறவில்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் எங்களிடம் ஒரே ஒரு கட்டம் இருந்தது.

அவருக்கு நான் ஒரு வரி அனுப்பினேன்: 'அடைப்புதான். தஞ்சாவூரில் இருக்கிறோம்.' மூன்றாம் நாள் வந்தார். ஒரு பையில் துண்டு, பிளாஸ்க், எனக்கு ஒரு மாற்றுப் புடவை. கட்டிலருகே நின்று இவரைப் பார்த்தார். இவர் தூக்கத்தில் இருந்தார். பிறகு அந்த டாக்டரைத் தேடிப்போய், தான் யார் என்று சொல்லி, படத்தைக் காட்டச் சொன்னார். நானும் கூடப் போனேன். நின்றபடியே பார்த்தார்.

"கிளை மங்கலா இருக்கே," என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ அன்னைக்குப் பாத்தியா புள்ள?"

"பாத்தேன்."

"நான் பாக்கல," என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. பிளாஸ்க்கில் கஞ்சி இருந்தது. ஊற்றிக்கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்.

நான் வேலையை விட்டுவிட்டேன். அறையில் நடந்ததைச் செல்வம்தான் வந்து சொல்வான். லாத்தா புதுத் தலை எதையும் திறப்பதில்லையாம். மூன்று வருடத்தில் தான் 'பிறவியில் இல்லை' என்று போட்ட ஒவ்வொன்றையும் தேடி எடுத்து மறுபடி பார்க்கிறாராம். "பாத்துட்டு, அப்படியே உக்காந்திருக்காங்கக்கா. ஒரு நாளைக்கு ஒண்ணுகூட முடிக்கிறதில்ல. 'இவரு இப்ப உயிரோட இருக்காரான்னு கேட்டுச் சொல்லுங்க'ன்னு பெங்களூருக்குப் போன் போடுறாங்க. அவங்க, பேரே எங்ககிட்ட இல்ல மேடம்ங்குறாங்க. நான் கேலி பண்ணிப் பாத்தேன். திட்டக்கூட மாட்டேங்குறாங்க." நான்கு மாதம் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று கம்பெனி எழுதிவிட்டது. மிக்சி அட்டையையும் தன் குஷனையும் எடுத்துக்கொண்டு போனாராம்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். இவர் அதற்குள் காலை இழுத்து நடக்கப் பழகியிருந்தார். கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: ஆமா. எதைக் கேட்டாலும் ஆமா. கோபத்திலும் ஆமா, அழும்போதும் ஆமா. முதலில் நாங்கள் அதைப் பதில் என்று நம்பினோம். அது பதில் இல்லை என்று கண்டுபிடித்தவர் லாத்தாதான்.

"தண்ணி வேணுமா மாப்புள?"

"ஆமா."

"தண்ணி வேணாமா?"

"ஆமா."

என்னைப் பார்த்தார். "ரெண்டு விதமாவும் கேளு. அப்பத்தான் தெரியும். சொம்பக் காட்டு. கையை நீட்டினா வேணும்." அப்படித்தான் இன்றுவரை செய்கிறேன். ஸ்பேனர், போல்ட்டு, கரண்டி என்று ஒவ்வொன்றாக முன்னால் வைத்து, பெயர் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்வார். இவர் ஸ்பேனரை இடது கையில் எடுத்து, எந்தப் பக்கம் பிடிக்க வேண்டுமோ அந்தப் பக்கம் சரியாகப் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்பார். ஏழு மாதம் இப்படி நடந்தது. ஒரு வெள்ளிகூட விடவில்லை. ஒரு புதுச் சொல்கூட வரவில்லை. அவர் எதற்காக வருகிறார் என்று இவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். பையில் சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. இவருக்கு எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மாப்புள, உங்க தலைப் படத்தப் பாத்துட்டு, பயப்பட ஒண்ணும் இல்ல, நாளைக்குப் போங்கன்னு சொன்னது நான். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா."

"என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"ஆமா."

லாத்தா தலையசைத்தார். குரல் மாறவில்லை. சொம்பைக் காட்டிக் கேட்கிற அதே குரல்.

"மன்னிக்கலையா?"

"ஆமா," என்றார் இவர்.

நான் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். லாத்தா என் பக்கம் திரும்பினார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நீ சொல்லு புள்ள."

எனக்குப் பேச்சு வரும். அந்த அறையில் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். என் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை நான்காக மடித்து மற்றவற்றின்மேல் வைத்தேன்.

"ஆட்டோக்காரரு ரொம்ப நேரமா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு லாத்தா," என்றேன்.

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினார். நான் எழுந்து போகவில்லை. ஆட்டோ கிளம்பி, தெருமுனையில் திரும்புகிற சத்தம் வரைக்கும் கேட்டது.

இவர், "ஆமா" என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை.